போத்தனூரில் பிறந்த அம்மாவின் மகன்

அஞ்சாவது செமஸ்டரில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் எழுதினவங்களுக்கு டூரிங் ஒரு மனுஷன் பேர் என்றே தோன்றாது. அது ஒரு 13 மார்க் கேள்வி. நீளமா ஒரு டேப், அதன்மேல் ஒரு ஹெட், ஒரு ஸ்டேட் டேபிள், நாலு அம்புக்குறி. போட்டால் பாஸ். நானும் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

அந்தப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, படிக்க வேண்டிய நேரத்தில் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன். மைக்ராஸ்கோப் வழியா எடுத்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் தனித்தனியா அலைகின்றன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே பக்கமா திரும்பி, ஓடைகள் ஆற்றில் வந்து சேர்வது போல வரிசை கட்டி, ஓரிடத்தில் குவிகின்றன. குவியல் ஒரு குட்டிப் புழு மாதிரி எழுந்து நகர்கிறது. அப்புறம் நின்று, ஒரு காம்பும் உச்சியில் ஒரு குண்டுமாக நிமிர்ந்துவிடுகிறது. அதன் பெயர் ஸ்லைம் மோல்டு. பேரில் மோல்டு இருந்தாலும் அது பூஞ்சை இல்லை, மண்ணில் வாழும் ஒருவகை அமீபா.

இந்தக் கூட்டத்தை யார் கூப்பிட்டது, யார் நடத்துவது என்ற கேள்வி வந்த இடத்தில், வீடியோவில் டூரிங் பேர் வந்தது. நாளைக்கு நான் எழுதப்போற அதே டூரிங்கா? அதே ஆள்தான். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போ கண்ணில் பட்ட ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இவரோட அம்மா பிறந்த ஊர் போத்தனூர். நம்ம திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்.

ஆலன் மேத்திசன் டூரிங்கின் தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் இன்ஜினியர். பின்னாளில் அதன் சீஃப் இன்ஜினியர். போத்தனூர் அப்போ பெரிய ரயில்வே ஜங்ஷன். அங்கே 1881ல் பிறந்தவர் எதெல் சாரா. அப்பா ஜூலியஸ் டூரிங், மெட்ராஸ் ராஜதானியில் ஐசிஎஸ் அதிகாரி. 1907ல் கப்பலில் ஊருக்குப் போகும்போது இருவரும் சந்தித்து, அதே வருஷம் டப்ளினில் கல்யாணம் செய்துகொண்டார்கள். முதல் பையன் ஜான் 1908ல் குன்னூரில், தாத்தா வீட்டில் பிறந்தான். இரண்டாவது உண்டானபோது அப்பாவுக்கு வேலை சத்ரபூரில். இன்றைக்கு ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்றைக்கு மெட்ராஸ் ராஜதானியில் இருந்தது. பிரசவத்துக்கு லண்டன் போனார்கள். 1912 ஜூன் 23ல் ஆலன் பிறந்தார்.

அதற்கப்புறம் அப்பா வேலைக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் அம்மாவும் கிளம்பினார். குழந்தைகள் இங்கிலாந்திலேயே, கடலோரத்து ஊர் ஒன்றில், ரிட்டயர்டான ஒரு கர்னல் வீட்டில் வளர்ந்தார்கள். அம்மா, அப்பா வருவார்கள், போவார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள் நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. அவங்களைக் கேட்டால் இது எப்படி இருக்கும் என்று சொல்வாங்க.

பத்து வயசில் ஆலன் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. குழந்தைகளுக்காக எட்வின் டென்னி புரூஸ்டர் எழுதிய அறிவியல் புத்தகம். உடம்பு ஒரு மெஷின், அது சின்னச் சின்ன செல்களால் கட்டப்பட்டது என்று விளக்கும் புத்தகம். செல்கள் எங்கே வளரணும், எப்போ நிறுத்தணும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பது மட்டும் அதில் பதில் இல்லாத கேள்வியாகவே நின்றது. ஆலன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வயசில் அம்மா அவரை ஒரு படம் வரைந்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஹாக்கி ஆடுகிறார்கள். ஆலன் மட்டும் மட்டையோடு ஓரமாகக் குனிந்து, புல்லில் பூத்த டெய்சிப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விளையாட்டாக வரைந்த படம். ஆனா அந்த ஆளின் மொத்த வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

1926ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர்ந்தார். பள்ளி திறந்த நாளில் நாடு முழுக்க வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. 13 வயசுப் பையன் சவுத்தாம்ப்டனில் இருந்து சுமார் 60 மைல் சைக்கிள் மிதித்து, நடுவில் ஒரு ராத்திரி தங்கி, போய்ச் சேர்ந்தான். அந்தப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த ஒரே நெருங்கிய நண்பன் கிறிஸ்டோபர் மார்காம். இரண்டு பேரும் கணக்கும் வானவியலும் பேசித் தீர்ப்பார்கள். ஆலனுக்கு அது நட்பைத் தாண்டிய பிரியம். 1930 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் காசநோயால் இறந்துபோனான். பால் வழியாகச் சின்ன வயசிலேயே உடம்பில் ஏறிய நோய். ஒரு மனம் உடம்பை விட்டு எங்கே போகிறது, மனம் என்பதே உடம்பின் வேலைதானா என்ற கேள்வி ஆலனுக்கு அதிலிருந்து தொடங்கியது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்து வருவது நமக்கு சிலபஸில் இருக்கும் பகுதி, அதனால் வேகமா போயிடலாம். 1931ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ். 22 வயசில் அங்கேயே ஃபெல்லோ. 1936ல் நம்மைப் படுத்தும் அந்த மெஷின். எந்த மெஷினாலும் விடை சொல்ல முடியாத கணக்குகள் உண்டு என்று நிரூபிக்க அவர் மனசில் கட்டிய கருவி அது. போர் வந்ததும் 1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பார்க். ஜெர்மன் கடற்படையின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த குழுவின் மூளை அவர். அங்கே உடன் வேலை பார்த்த ஜோன் கிளார்க்கோடு 1941ல் நிச்சயம் ஆனது. தன் ஈர்ப்பு ஆண்கள் மேல்தான் என்று ஆலன் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். சில மாசத்தில் அவரே நிச்சயத்தையும் முறித்துக்கொண்டார். நட்பு முறியவில்லை. இருவரும் சேர்ந்து பைன் கூம்புகளிலும் பூக்களிலும் ஃபிபனாச்சி எண்களை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. போருக்கு நடுவிலும் டெய்சிப் பூ போகவில்லை.

1948ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். 1951ல் அங்கே ஃபெரான்டி கம்பெனியின் புது கம்ப்யூட்டர் வந்தது. உலகத்தில் கம்ப்யூட்டர் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய காலத்தில், ஆலன் ராத்திரி ராத்திரியா அதில் போட்ட கணக்கு பூவைப் பற்றியது, இலையைப் பற்றியது. பத்து வயசுக் கேள்விக்குத் திரும்பிவிட்டார். ஆரம்பத்தில் கரு என்பது ஒரே மாதிரியான செல்களின் உருண்டை. எல்லாப் பக்கமும் சமம். அதிலிருந்து தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று ஒரு குதிரை எப்படி வருகிறது? முதல் வித்தியாசத்தை யார் போட்டது?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது எங்க அப்பாவின் வேலை. அவர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அவருக்கு உலகத்திலேயே பெரிய பயம் துணியில் பேட்ச் விழுவது. உப்பு, சூடு, நேரம் எல்லாம் கணக்காகப் போனால் கலர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறும். எங்கேயாவது திட்டு நின்றால் அந்த லாட்டே போச்சு. பரவுவது என்றாலே வித்தியாசத்தை அழிப்பது என்பதுதான் நமக்குத் தெரிந்த நியாயம். ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு சொட்டு சாயம் விட்டால் கடைசியில் டம்ளர் முழுக்க ஒரே நிறம்.

டூரிங் காட்டியது இதற்கு நேர் எதிர். ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள் பரவட்டும். ஒன்று தன்னையும் பெருக்கும், மற்றதையும் உண்டாக்கும். மற்றது முதல் பொருளை அடக்கும். அடக்குவது வேகமாகப் பரவணும், பெருக்குவது மெதுவாகப் பரவணும். அவ்வளவுதான் நிபந்தனை. அப்போது எல்லா இடமும் சமமாக இருக்கும் நிலை நிற்காது. எங்கேயோ தற்செயலாக ஒரு துளி கூடினால், அது மேலும் கூடும், சுற்றிலும் அடங்கும். புள்ளியோ கோடோ தானாக எழும். யாரும் வரைய வேண்டாம்.

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. ஒரு இடத்தில் பனியன் கம்பெனி ஒன்று நல்லா ஓடினால், பக்கத்திலேயே அயர்ன், செக்கிங், ஜாப் ஒர்க் என்று வந்து ஒட்டிக்கும். அதைப் பார்த்து இன்னொரு கம்பெனி வரும். இது பெருக்கம், பக்கத்திலேயே நடக்கும். ஆனா ஆள் பிடிக்க அந்தக் கம்பெனி வண்டிகள் இருபது கிராமம் சுற்றும். அந்தக் கிராமங்களில் டெய்லர் கிடைக்க மாட்டார், புதுசா யாராலும் அங்கே தொடங்க முடியாது. இது அடக்கம், தூரம் வரை பரவும். அடுத்த கூட்டம் இன்னும் தள்ளித்தான் முளைக்கும். மேலேயிருந்து பார்த்தால் சிறுத்தைத் தோல் மாதிரி திட்டுத் திட்டா தெரியும். திட்டம் போட்டவர் யாரும் இல்லை. (உவமைதான், தேர்வில் எழுதிடாதீங்க.)

உருவம் தரும் இந்தப் பொருட்களுக்கு டூரிங் வைத்த பெயர் மார்ஃபோஜென். உருவம் தோன்றுவதன் வேதியியல் அடிப்படை பற்றிய அந்தக் கட்டுரையை 1951 நவம்பரில் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1952 ஆகஸ்ட் 14ல் அச்சில் வந்தது. டிஎன்ஏவின் வடிவம் உலகத்துக்குத் தெரியவே இன்னும் எட்டு மாசம் இருந்தது.

அனுப்பியதற்கும் அச்சில் வந்ததற்கும் நடுவில்தான் அந்த வாழ்க்கை உடைந்தது.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு. போலீசில் புகார் கொடுத்தார். விசாரிக்கப் போன போலீஸ், அவருக்கும் ஒரு இளைஞனுக்கும் இருந்த உறவைத் தெரிந்துகொண்டது. ஆலன் மறுக்கவில்லை. அதில் தப்பு இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. ஆனா 1885ம் வருஷச் சட்டப்படி அது குற்றம். புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனார். மார்ச் 31ல் தீர்ப்பு. ஜெயில், இல்லைன்னா உடம்பின் ஆசையை அடக்க ஒரு வருஷம் ஹார்மோன் சிகிச்சை. அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். பெண் ஹார்மோன் ஏற ஏற உடம்பு மாறியது, மார்பு வளர்ந்தது. செல்களுக்கு ரசாயனம் எப்படி உருவம் தருகிறது என்று எழுதிய அதே ஆளின் உடம்புக்கு, ஒரு அரசாங்கம் ரசாயனம் கொடுத்து உருவத்தை மாற்றியது. ரகசிய வேலைக்கான அனுமதியும் பறிபோனது.

வேலையை அவர் விடவில்லை. சூரியகாந்தியில் விதைகள் ஏன் ஃபிபனாச்சி எண்ணிக்கையில் சுழல்கின்றன என்ற கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தார். அது முடியவே இல்லை. 1954 ஜூன் 7ல் வில்ம்ஸ்லோ வீட்டில் சயனைடால் இறந்தார். படுக்கை அருகில் பாதி கடித்த ஆப்பிள். வயசு 41. விசாரணை தற்கொலை என்றது. அம்மா சாரா அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. வீட்டில் ரசாயனங்களை வைத்துச் சோதனை செய்யும் பழக்கத்தால் வந்த விபத்து என்றார். 1959ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பிளெட்ச்லி பார்க்கில் மகன் செய்தது என்ன என்பது அப்போதும் அரசு ரகசியம்தான். போத்தனூரில் பிறந்த அந்த அம்மா, மகனின் பெரிய வேலையைச் சொல்லாமலேயே அவன் கதையை எழுதி முடித்தார்.

இப்போ அந்த வீடியோவுக்கு வருவோம்.

வீடியோவில் வந்தது டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். 1933ல் அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டில் கென்னத் ரேப்பர் எடுத்து வந்து அறிமுகப்படுத்திய இனம். பாக்டீரியா கிடைக்கும் வரை ஒவ்வொரு செல்லும் தன் பாட்டுக்குத் திரியும். பசி வந்ததும்தான் கூட்டம். சுமார் ஒரு லட்சம் செல்கள் சேரலாம். சேர வைப்பது ஒரு ரசாயனம் என்று 1947ல் ஜான் டைலர் பானர் காட்டினார். அது சைக்ளிக் ஏஎம்பி என்று 1967ல் தெரிந்தது. நம்ம உடம்பு செல்களுக்குள்ளும் சேதி சொல்லும் அதே பொருள். ஒரு செல் அதைத் துடிப்பாக வெளியே விடும். பக்கத்துச் செல் அந்தப் பக்கம் ஒரு எட்டு நகரும், தானும் ஒரு துடிப்பு விடும். சில நிமிஷத்துக்கு ஒரு முறை அலை அலையாகச் சேதி போகும்.

முதல் துடிப்பை விடும் செல் ஏதோ ஒரு தனிப்பிறவி, ஒரு தலைவன் என்றுதான் பலரும் நம்பினார்கள். இயற்பியல் படித்த ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் டூரிங்கின் 1952 கட்டுரையைப் படித்திருந்தார். 1970ல் அவரும் கணிதவியலர் லீ சீகலும் ஸ்லைம் மோல்டுக்கு ஒரு சமன்பாடு போட்டார்கள். பசியில் செல்களின் குணம் கொஞ்சம் மாறினாலே போதும், சமமாகப் பரவிக் கிடப்பது நிலைக்காது, தானாகக் குவியும், தலைவன் தேவையில்லை என்றது அந்தக் கணக்கு. இதை ஏற்க ஆட்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. கூட்டம் என்றால் தலைவன் இருக்கணும் என்ற நினைப்பு நமக்கெல்லாம் அவ்வளவு ஆழம்.

குவிந்த பிறகு நடப்பது இன்னும் அழகு. சுமார் ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பு ஆகும். மீதி, உச்சியில் வித்து ஆகும். முதலில் இரண்டு வகையும் குவியலுக்குள் கலந்தே தோன்றும், கறுப்பும் வெள்ளையும் கலந்த நம்ம கிரே மெலாஞ்ச் நூல் மாதிரி. அப்புறம் காம்பு ஆகப்போகும் செல்கள் நகர்ந்து நகர்ந்து முனைக்குப் போகும். மெலாஞ்ச் தானாகப் பிரிந்து ஸ்ட்ரைப் ஆவது போல. டூரிங் தன் கணக்கில் செல்களை நகரவிடவில்லை. ரசாயனம் மட்டும்தான் நகரும். நகர்வதையும் சேர்த்தால்தான் இந்த உயிரியின் கதை முழுசாகும். ஆனாலும் வழி அவர் போட்டதுதான். 1990ல் பிரான்சில் ஒரு சோதனைக்கூடத்தில் வெறும் ரசாயனங்களிலேயே டூரிங் புள்ளிகளை உண்டாக்கிக் காட்டினார்கள். 1995ல் ஜப்பானில் ஒரு மீனின் உடல் கோடுகள் அவர் கணக்குப்படியே நகர்வதைப் பார்த்தார்கள்.

காம்பு ஆகும் செல்கள் செத்துப்போகும். அவை மற்றதைத் தூக்கிப் பிடிக்கும். எது காம்பு, எது வித்து என்பது பிறப்பில் எழுதியதில்லை. பசி தொடங்கியபோது அந்தச் செல் எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு தின்றிருந்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் வித்யானந்த நஞ்சுண்டையாவும் அவர் குழுவும் முதுமலைக் காட்டு மண்ணிலிருந்தும் விலங்குகளின் சாணத்திலிருந்தும் இந்த வகை உயிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே காம்பு-குண்டுக்குள் வேறு வேறு வம்சத்துச் செல்கள் சேர்ந்து நிற்பது தெரிந்தது. குன்னூரில் டூரிங்கின் அண்ணன் பிறந்த வீட்டிலிருந்து முதுமலை ஒன்றும் ரொம்ப தூரமில்லை.

2009ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013ல் அரச மன்னிப்பு வந்தது. 2021ல் 50 பவுண்ட் நோட்டில் அவர் முகம். அவர் செத்து 67 வருஷம் கழித்து. அதே காலத்துப் புத்தியில் வெள்ளைக்காரன் இங்கே எழுதி வைத்த 377ம் பிரிவு, 2018 செப்டம்பர் 6 வரை நம்ம நாட்டிலும் அந்த உறவைக் குற்றம் என்றே சொன்னது. நாமெல்லாம் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பழைய கதை இல்லை.

இதை எழுதக் காரணம் ஒன்றைச் சொல்லணும். ஃபர்ஸ்ட் இயரில் ஹாஸ்டலில் ஒருத்தனை அவன் நடையையும் குரலையும் வைத்து ஒரு பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டோம். நான் பேர் வைக்கவில்லை. ஆனா சிரித்தேன். மெஸ்ஸில், காரிடாரில், எல்லோரும் சிரிக்கும்போது நானும். யார் முதலில் ஆரம்பித்தது என்று இப்போ கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒருத்தன் சிரிக்க, பக்கத்தில் இருப்பவன் சிரிக்க, அப்படியே பரவியது. தலைவன் தேவைப்படவில்லை. அவன் செகண்ட் இயரில் வெளியே ரூம் எடுத்துப் போனான்.

போன மாசம் பாலக்காடு பக்கம் ஒரு இன்டர்வியூவுக்குப் போகும்போது ரயில் போத்தனூரில் நின்றது. மஞ்சள் போர்டைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன். அவன் நம்பர் அந்தப் பட்டப்பேரில்தான் சேவ் ஆகியிருந்தது. முதலில் அதை அழித்து, அவன் பேரை எழுதினேன். அப்புறம் கூப்பிட்டேன். ரயில் கிளம்பும் வரை பேசினோம். பெரும்பாலும் பிளேஸ்மென்ட் பற்றித்தான்.